ஆறாத மோட்டார்

முள்ளித்துறையில ஒரு மோட்டார் சூடாகி, கடலை விட்டுக் கரைக்கு வந்த பொறவும், நிறுத்தி வச்ச பொறவும், மழையில நனைஞ்ச பொறவும் ஆறாம, எரியுற அடுப்பு மாதிரி அப்படியே கெடந்துச்சுன்னு நான் சொன்னா, சந்தையில எங்கிட்ட மீன் வாங்க வாற அம்மாமாரு வாயைக் கோணிக்கிட்டுச் சிரிக்காவ. சிரிக்கட்டும். அவங்க நம்பினா எனக்கென்ன, நம்பாட்டி எனக்கென்ன, மீன் செவுளைத் தூக்கிப் பாத்து நம்பினாப் போதும். நான் பெர்னதெத்தா, அந்த மோட்டாருக்குச் சொந்தக்காரன் தஸ்நேவிஸுக்கு அக்கா, அவனை இடுப்புல தூக்கி வளத்தவ. அதனால இந்தக் கதையைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கு, எங்க ஊர்க்காரங்களைத் திட்ட அதைவிடக் கூடுதலா உரிமை இருக்கு.

வள்ளத்துக்குப் பின்னால தொங்குதே மோட்டார், அது தண்ணி குடிக்கிற சாதி. கீழ ஓட்டை வழியாக் கடல் தண்ணியை இழுத்து, உள்ள இருக்கிற ஒரு ரப்பர் விசிறி அதை மேல தள்ளி, மேல போன தண்ணி சூட்டையெல்லாம் வாங்கிக்கிட்டு, பின்னால ஒரு சின்ன ஓட்டை வழியா நூல் மாதிரி வெளிய பீச்சும். நூல் வந்தா மோட்டாருக்குச் சொகம். நூல் நின்னா உடனே நிறுத்திப்போடணும். எங்க ஆம்பளைங்க இதை நாகரிகமாச் சொல்ல மாட்டாவ, "எலே, மோட்டார் ஒண்ணுக்குப் போவுதா பாரு"ன்னுதான் கத்துவாவ. அப்புறம் கரைக்கு வந்ததும், ஒரு டிரம்முல நல்ல தண்ணி வச்சு, மோட்டாரோட காலை அதுக்குள்ள முக்கிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, உள்ள தேங்கின உப்பைக் கழுவி விடணும். இது எங்க ஊர்ல நேத்துப் பொறந்த பிள்ளைக்குக் கூடத் தெரியும்.

தெரிஞ்சு என்ன செய்ய? எங்க ஊர்ல தெரியாததுனால கெட்டவன் எவனும் இல்ல. ஒரு கோடையில குழாய்த் தண்ணி நின்னு போயி, லாரித் தண்ணிக்கு அடிபிடி வந்தப்போ, ஊர்க் கமிட்டித் தலைவரு கொர்னேலி மாமா கோயில் முன்னால மைக்கைப் பிடிச்சு ஒரு சட்டம் போட்டாரு. நல்ல தண்ணி மனுசனுக்கு மட்டுந்தான், மோட்டாருக்கு ஊத்துறவன் வீட்டுக்கு அதோட தண்ணி கெடையாது. எல்லாரும் கை தட்டினாவ. லாரித் தண்ணியில தெனமும் தன் பைக்கைக் கழுவுற மனுசன் அவரு. "மாமா, பைக்குல இருக்கிறது மோட்டார் இல்லையா?"ன்னு நான் கேட்டேன். "அது வண்டி, இது மோட்டார், பொம்பளைக்கு இதுல என்ன தெரியும்?"ன்னாரு. அதுக்கும் கை தட்டினாவ. அன்னையில இருந்து முள்ளித்துறை மோட்டார் ஒவ்வொண்ணும் உப்பைத் தின்னு தின்னு உள்ள சுண்ணாம்பு அடிச்ச செவராட்டம் ஆயிட்டு வந்துச்சு. கோடை முடிஞ்சது, மழை வந்தது, குழாய்ல கொஞ்ச நாள் தண்ணியும் வந்தது. சட்டம் மட்டும் அப்படியே நின்னுச்சு, எடுக்கணும்னு எவனுக்கும் தோணல.

சாளை மீன் ஓடத் தொடங்கின வாரம், தஸ்நேவிஸ் நடுக்கடல்ல வலை விட்டிருக்கும்போது, பின்னால நூல் நின்னு போச்சு. பாத்திருக்கான். பாத்துட்டும், வலை தண்ணியில கெடக்கே, இன்னும் கொஞ்ச நேரந்தானேன்னு ஓட்டியிருக்கான். என் தம்பி அப்படித்தான், யாரையும் எதையும் "நில்லு"ன்னு சொல்ல வராது அவனுக்கு, மோட்டாரைக் கூட. கடைசியில அதுவா நின்னுச்சு. இன்னொரு வள்ளம் கயிறு கட்டி இழுத்துக் கொண்டாந்து சேத்தப்போ உச்சி வெயில். மேல மூடியைத் தொட்டவன் கையை உதறிக்கிட்டு ஓடினான். சாயங்காலம் தொட்டவனும் ஓடினான். மறுநாள் காலையில தொட்டவனும் ஓடினான். வள்ளத்தோட பின்பலகை கருகி வாடை வந்த பொறவு, கம்பியில கொளுவி நாலு பேரு தூக்கிக் கொண்டு போயி, கடக்கரையில சிலுவை நிக்கிற குருசடிக்கு முன்னால ரெண்டு கருங்கல்லு மேல வச்சாவ. அங்க அது, எண்ணெய் இல்லாம, நெருப்பு இல்லாம, சத்தமில்லாம கொதிச்சுக்கிட்டு நின்னுச்சு.

ஊர்ல யாரும் ஆச்சரியப்பட்டாவளான்னு கேட்டா, இல்ல. ஆச்சரியப்பட எங்க நேரம், ஆளாளுக்குப் புத்தி சொல்ல வேண்டியிருந்துச்சுல்லா! கீழ ஓட்டையில பிளாஸ்டிக் பை அடைச்சிருக்கும்னு ஒருத்தன் குனிஞ்சு பாத்துப் புருவத்தைப் பொசுக்கிக்கிட்டான். மண்ணெண்ணெயில ஆயில் கொறைச்சலாக் கலந்திருப்பான்னு ஒருத்தன். பிளக்கு மாத்தினா சரியாவும்னு ஒருத்தன், தன் வீட்டுல பல்பு எரியலன்னாலும் பிளக்கு மாத்தச் சொல்ற ஆளு. கண்ணு பட்டிருக்கும்னு பொம்பளைங்க மிளகா சுத்திப் போட, மிளகா மோட்டார் மேலயே விழுந்து கருகி, தெரு முழுக்க இருமி இருமிக் கண்ணீர் வடிச்சுச்சு. கடல் தண்ணியை வாளி வாளியா ஊத்தினாவ, ஊத்தின தண்ணி ஆவியாப் போயி, உப்பு மட்டும் இன்னொரு படி ஏறிக்கிட்டுச்சு.

டவுன்ல இருந்து மெக்கானிக்கு வந்தான். சுத்திச் சுத்தி வந்து, "உள்ள ரப்பர் விசிறி போயிருக்கும், திறந்து மாத்தினா ஆறிடும்"னான். "அப்ப திற"ன்னேன். "ஆறினாத்தான் திறக்க முடியும்"னான். "திறந்தாத்தான் ஆறும்ங்கே, ஆறினாத்தான் திறப்பேங்கே, நீ மெக்கானிக்கா, மாப்பிள்ளை வீட்டுத் தரகனா?"ன்னேன். டீ குடிச்சுட்டுப் போயிட்டான். அந்த டீ கூட அந்த மோட்டார் மேல வச்சுப் போட்டதுதான். ஆமா, மூணாம் நாளே டீக்கடைக்காரன் தன் கேத்தலைக் கொண்டாந்து அது தலையில வச்சுட்டான். அதுக்கப்புறம் எங்க ஊரைக் கேக்கணுமா? வரிசை கட்டிக்கிட்டு வந்தாவ. ஒருத்தி அவிச்ச முட்டை, ஒருத்தி கஞ்சி, ஒருத்தி கைக்குழந்தைக்கு வெந்நி. இஸ்திரிக்காரன் தன் பெட்டியை அது மேல சூடு பண்ணினான். சுத்தி நின்னு சமைக்கிறவங்கள்ல ஒருத்தராவது இது ஒரு மனுசனோட பொழப்பாச்சே, இதை எப்படிச் சரி பண்றதுன்னு யோசிச்சாவளா? யோசிப்பாவளா, அடுப்பு மிச்சம்லா!

தண்ணி விசயத்தைத் தொடங்கினது மெல்கியோரு. மெல்கியோரு ஒரு காலத்துல பனங்காட்டுக்குள்ள சாராயம் காய்ச்சின ஆளு. போலீஸுக்குப் பயந்து விட்டுப்போட்டு, வெத்தலை மென்னுக்கிட்டு உக்காந்திருந்தவரு, ஒரு நாள் வந்து மோட்டாரைப் பாத்தாரு, கடலைப் பாத்தாரு, வீட்டுக்குப் போயித் தன் பழைய பெரிய பானையையும் செம்புக் குழாயையும் தூக்கிக்கிட்டு வந்தாரு. பானையில கடல் தண்ணியை ஊத்தி மோட்டார் மேல ஏத்தி, வாயை மாவு பூசி அடைச்சு, குழாயை ஈரச் சாக்குக்குள்ள சுத்தி இறக்கினாரு. ஆவி போயிக் குளுந்து, குழாய் நுனியில சொட்டு சொட்டாத் தண்ணி. நல்ல தண்ணி. உப்பே இல்ல. விறகு வேண்டாம், சீமெண்ணெய் வேண்டாம், காலையும் மாலையும் நிக்காம ஊத்துது. பானை ஒண்ணு ரெண்டாச்சு, மோட்டாரைச் சுத்தி அண்டா அண்டாவா வந்து ஒட்டிக்கிட்டுச்சு. எவ்வளவு வச்சாலும் அந்தச் சூடு குறையவே இல்ல.

அன்னையில இருந்து முள்ளித்துறைக்குப் பவுசு வந்துட்டு. லாரிக்காரனை "இனி இந்தப் பக்கம் வராதே"ன்னு மீசையை முறுக்கி அனுப்பி வச்சாவ. ரெண்டு நேரம் குளிச்சாவ. முத்தத்துல மல்லிகை வச்சாவ. மணலுக்குத் தண்ணி தெளிச்சாவ, தூசி பறக்குதாம்! கடக்கரையில தூசி! பக்கத்து ஊர்ல இருந்து குடத்தோட வந்த பொம்பளைங்களை, நேத்து வரைக்கும் லாரிக்குப் பின்னால ஓடினவளுக நிக்க வச்சுக் கேள்வி கேட்டாளுக. கொர்னேலி மாமா பைக்கை மட்டுமில்ல, தன் வீட்டு ஆட்டுக்குட்டியையும் சோப்புப் போட்டுக் கழுவினாரு. மீன்வளத் துறை ஆபீசர் ஒருத்தர் வந்து, மோட்டாருக்குப் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு, இது நல்ல முன்னேற்றம்னு சொல்லிட்டுப் போனாரு. என் தம்பிக்கு ஒரு பொன்னாடை போத்தினாவ. அதைப் பொரிச்சுத் திங்கவா முடியும்?

ஏன்னா என் தம்பி வீட்டுல அடுப்பு எரியல. ஊருக்கெல்லாம் அடுப்பாக் கெடந்த மோட்டாருக்காரன் வீட்டுல அடுப்பு எரியல. சாளை ஓடுது. வருசத்துல அந்த ஓட்டம் ஒரு தடவைதான், அதுலதான் மழைக்காலம் முழுக்க வீடு சாப்பிடணும். அவன்கூடக் கடலுக்குப் போன ரெண்டு பேரும் வேற வள்ளத்துக்குப் போயிட்டாவ. தஸ்நேவிஸ் வெறும் வள்ளத்துல போயி உக்காந்து வலையைப் பிரிச்சுப் பாப்பான், திரும்பி மடிப்பான். டவுன்ல ஐஸ் கம்பெனியில ஐஸ்கட்டி சொமக்க ஆள் எடுக்காங்கன்னு கேட்டுட்டு வந்து, வள்ளத்தை வித்துட்டு அங்க போயிரலாமான்னு பொண்டாட்டி ரோசிலிகிட்ட மெதுவாக் கேட்டிருக்கான். அவ ஓடி வந்து எங்கிட்டச் சொல்லி அழுதா. கடல்ல ராசா மாதிரி நின்னவன் ஐஸ்கட்டி சொமக்கப் போவானா?

"எலே, அதைச் சரி பண்ண என்ன வேணும்?"னு தம்பிகிட்டப் போயிக் கேட்டேன்.

"என்னத்த அக்கா பெருசா, உப்புத்தான். ரெண்டு டிரம் நல்ல தண்ணியை உள்ள விட்டு அலசினா உப்பு கரைஞ்சு வழி விட்டுரும். ஆறினதும் விசிறியை மாத்திருவேன், புதுசு வாங்கி வச்சிருக்கேன்."

"மொத நாளே தெரியுமா?"

"தெரியும்."

"பொறவு ஏன்லே வாயை மூடிக்கிட்டு இருந்தே?"

"சட்டம் இருக்குல்லா அக்கா. ஊர் சொன்னா சரிதான்" அப்படின்னான்.

எனக்கு அவனை ரெண்டு அறை விடணும் போல இருந்துச்சு. ஊர் சொன்னா சரிதானாம்! கூட்டத்தைக் கூட்டச் சொல்லி, அவனைக் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனேன். குருசடி முன்னால எல்லாரும் குளிச்சு, பவுடர் போட்டு, மினுக்கிக்கிட்டு உக்காந்திருந்தாவ. அவங்க முதுகுக்குப் பின்னால அண்டாக்கள்ல தண்ணி நிறைஞ்சு மணல்ல வழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நான் எந்திரிச்சு, "ரெண்டு டிரம் தண்ணி வேணும், மோட்டாரைக் கழுவ"ன்னு சொன்னேன்.

கொர்னேலி மாமா தொண்டையைக் கனைச்சாரு. "ஏ பெர்னத்து, நல்ல தண்ணியை மோட்டாருக்கு ஊத்தக் கூடாதுன்னு ஊர்ச் சட்டம் இருக்கு."

"மாமா, அந்தத் தண்ணியே அந்த மோட்டார் குடுத்ததுதானே?"

"யாரு குடுத்தா என்ன? குடுத்த பொறவு அது ஊர்த் தண்ணி. ஊர்த் தண்ணி மனுசனுக்கு. உனக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமா?"

"மணல்ல வழிஞ்சு போறது மனுசனுக்காப் போவுது?"

"அது வழியுறது. நீ கேக்கிறது ஊத்துறது."

சரிதான், சரிதான்னு தலையாட்டினாவ. ஒருத்தன் எந்திரிச்சு, ஒரு மனுசன் கொஞ்சம் கஷ்டப்பட்டா ஊரே நல்லாருக்கும்னா அதுல என்ன தப்புன்னு கேட்டான். அந்த ஒரு மனுசன் நீயா இருந்துக்கோயேன்னு சொன்னேன். அவன் உக்காந்துட்டான். ஒருத்தி, தஸ்நேவிஸ் பேரை வருசா வருசம் திருவிழா நோட்டீஸ்ல போடுவோம்னா. எல்லாரும் அவனைப் பாத்தாவ. இந்தப் பய என்ன செஞ்சான் தெரியுமா? பொன்னாடையைச் சரி பண்ணிக்கிட்டு, "ஊர் சொன்னா சரிதான் மாமா"ன்னான். கை தட்டினாவ. எங்க ஊர்ல கையைக் கடவுள் வலை இழுக்கக் குடுக்கல, தட்டத்தான் குடுத்திருக்காரு.

அவனை நம்பிப் பிரயோசனம் இல்லன்னு தெரிஞ்சு போச்சு. நானும் ரோசிலியும் எங்க வீட்டுப் பங்குத் தண்ணியைச் சேத்து வைக்கத் தொடங்கினோம். ஊரே ரெண்டு நேரம் குளிக்கையில நாங்க கடல் தண்ணியில முங்கி எந்திரிச்சோம். உப்பு பூத்த தலையோட நான் சந்தைக்குப் போனா, "என்ன பெர்னத்து, தண்ணி ஊத்தா ஊத்துற ஊர்ல இருந்துக்கிட்டு இப்படி வாறே?"ன்னு கேட்டாவ. கஞ்சியைக் கெட்டியாக் காய்ச்சினோம், பாத்திரத்தை மணல்ல தேச்சோம். என் வீட்டுக்குப் பின்னால ரெண்டு டிரம் நிறைஞ்சுச்சு. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை, பெரிய பூசைக்கு மணி அடிச்சு, எங்க ஊர்ப் புண்ணியவான்கள்லாம் குளிச்சுக் கோயிலுக்குள்ள போயி, ஃபாதர் பிரசங்கத்தைத் தொடங்கினதும், நானும் ரோசிலியும் டிரம்மை உருட்டிக்கிட்டுக் கிளம்பினோம். தஸ்நேவிஸைக் கோயில் வாசல்ல இருந்து சட்டையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தேன். "அக்கா, பாவம் அக்கா"ன்னான். "பாவத்தை நான் சொமக்கேன், நீ டிரம்மைச் சொமலே"ன்னேன்.

மோட்டாருக்குக் காவல் மெல்கியோரு. அவரு பூசைக்குப் போறதில்ல. எங்களைப் பாத்தாரு, டிரம்மைப் பாத்தாரு, ஒரு சொட்டு வெத்தலைச் சாறு துப்பினாரு. கத்தப் போறாருன்னு நெனச்சேன்.

"ஏ பெர்னத்து, நானும் ஆயுசு முழுக்கக் காய்ச்சியிருக்கேன். இம்புட்டு ருசியில்லாத சரக்கை நான் எறக்கினதே இல்ல. தெனமும் பச்சைத் தண்ணி. ச்சீ! இதுக்கு எனக்கு ஒரு காவல் வேற." சொல்லிட்டு எந்திரிச்சு, சாக்கைக் கையில சுத்திக்கிட்டு, அவரே பானைகளை எறக்கினாரு. ரப்பர் குழாயைச் சொருகினா உருகிரும்னு தஸ்நேவிஸ் முழிச்சப்போ, தன் செம்புக் குழாயைக் கழட்டி, அதை மோட்டாரோட கீழ் ஓட்டையில கொடுத்து, மறு நுனியை உயரத்துல வச்ச டிரம்முல விட்டாரு.

மொதத் தண்ணி உள்ள போனதும் சொய்ங்குன்னு ஆவியாத் திரும்பி வந்துச்சு. ரெண்டாவதும் அப்படித்தான். மோட்டார் உறுமுச்சு, இருமுச்சு, எங்க வீட்டுல சேத்து வச்ச தண்ணியெல்லாம் மேகமாப் போவுதேன்னு ரோசிலி வாயில முந்தானையை அடைச்சுக்கிட்டு அழுதா. பாதி டிரம் போன பொறவு பின் ஓட்டையில இருந்து வெள்ளை வெள்ளையாக் கட்டி விழுந்துச்சு, உப்பு, கல்லு மாதிரி உப்பு. பொறவு கலங்கின தண்ணி. பொறவு தெளிஞ்ச தண்ணி. தஸ்நேவிஸ் விரலை நீட்டித் தொட்டான். எடுத்தான். திரும்பத் தொட்டான். உள்ளங்கையை முழுசா அது மேல வச்சுட்டு, எங்களைப் பாத்து, கோயிலுக்குக் கேக்கிற மாதிரிச் சிரிச்சான். அந்தச் சிரிப்பைப் பாத்து எத்தனை நாளாச்சு! எனக்கும் கண்ணு நிறைஞ்சு போச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

அவன் கை அப்புறம் நிக்கல. அடியைக் கழட்டி, கருகிப் போன பழைய விசிறியைப் பிடுங்கி எறிஞ்சு, புதுசை மாட்டி, மிச்சத் தண்ணி இருந்த டிரம்முல காலை முக்கிக் கயிறை இழுத்தான். ஓடுச்சு. நூல் பீச்சுச்சு. நாங்க நாலு பேரும் சேந்து வள்ளத்துல ஏத்தி மாட்டினோம். பூசை முடிஞ்ச மணி அடிக்கையில அவன் வள்ளம் அலையைத் தாண்டிப் போச்சு, தனியா, ஒரு துணையும் இல்லாம.

குடத்தோட வந்தவங்க பாத்தது ரெண்டு கருங்கல்லும் கொஞ்சம் ஈரமும். அடேயப்பா, அன்னைக்கு எனக்குக் கெடைச்ச பட்டத்தையெல்லாம் சொன்னா உங்க காது கூசும். ஊரைக் கெடுத்தவ, தண்ணியைக் கொன்னவ. மெல்கியோரைக் கேட்டதுக்கு, "தூங்கிட்டேன் வே"ன்னுட்டாரு. மத்தியானத்துக்குள்ள தாகம் வந்துட்டு. லாரிக்காரனுக்குப் போன் போட்டா அவன் எடுக்கல. அவன் எடுப்பானா, மீசையை முறுக்கினது மறந்தா போச்சு?

அப்பத்தான் கொர்னேலி மாமா யோசிச்சாரு. அவரு யோசிச்சாலே ஊருக்கு நட்டம். "அவன் மோட்டார் ஏன் ஆறல? நல்ல தண்ணி ஊத்தாததுனால. நம்ம யாரு மோட்டாருக்கு நல்ல தண்ணி ஊத்தியிருக்கோம்? ஒருத்தரும் ஊத்தல. அப்ப நம்ம மோட்டார் எல்லாத்துக்கும் அந்தப் பவர் உண்டு. கொஞ்சம் கூடச் சூடாக்கணும், அவ்வளவுதான்." அவன் ஒருத்தன் மோட்டாரே இவ்வளவு தண்ணி குடுத்தா, ஊர் மோட்டார் எல்லாம் சேந்தா ஆறே ஓடும்னாரு. கை தட்டினாவ.

கரையில இருந்த மோட்டாரையெல்லாம் கழட்டிக் கொண்டாந்து, வெறும் மணல்ல நட்டு நிறுத்தி, ஒரு சொட்டுத் தண்ணி இல்லாம, கயிறை இழுத்து முழு வேகத்துல ஓடவிட்டாவ. நான் ஒரே ஒரு தடவை, "அடப்பாவிகளா, நிறுத்துங்க, கருகிப் போவும்"னு கத்தினேன். "பொறாமை"ன்னாவ. அதோட நான் வாயை மூடிக்கிட்டேன். ரப்பர் கருகின வாடை, ஆயில் கருகின வாடை, ஊர் முழுக்கப் புகை. ஒவ்வொண்ணாக் கிறீச்சுன்னு கத்தி நின்னுச்சு. நிக்க நிக்க, "ஆச்சு, ஆச்சு, பழுத்துட்டு"ன்னு குதிச்சாவ. பானையைத் தூக்கித் தூக்கி மேல வச்சாவ. தண்ணி லேசாச் சூடாச்சு. எல்லாரும் குழாய் நுனியில கண்ணை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாவ. அப்புறம் எல்லா மோட்டாரும், உலகத்துல இருக்கிற எல்லா இரும்பும் ஆறுற மாதிரி, மெதுவா ஆறிப் போச்சு.

சாயங்காலம் தஸ்நேவிஸ் வந்தான். வள்ளம் விளிம்பு வரைக்கும் சாளை, வெயில்ல மின்னிக்கிட்டு வந்துச்சு. வள்ளத்தை இழுக்க ஒரு கை வரல, எல்லாரும் ஆறிப் போன இரும்பைத் தடவிக்கிட்டு உக்காந்திருந்தாவ. நானும் ரோசிலியும் முழங்கால் தண்ணியில இறங்கி இழுத்தோம். கொர்னேலி மாமா எந்திரிச்சு வந்தாரு. முகமெல்லாம் கரி.

"தஸ்நேவிஸு, ஊர் ஒரு தீர்மானம் போட்டிருக்கு. உன் மோட்டாரைத் திரும்பச் சூடாக்கணும். ஊருக்காக."

இந்தப் பய இப்ப வாயைத் திறந்து, ஊர் சொன்னா சரிதான்னு சொல்லிருவான்னு பயந்து போனேன். அவன் மீனைப் பாத்தான், மோட்டாரைப் பாத்தான், மணல்ல வரிசையா நட்டு நின்ன கருகின மோட்டாரையெல்லாம் பாத்தான்.

"முடியாது மாமா" அப்படின்னான்.

அவ்வளவுதான். சத்தம் கூடப் போடல. என் தம்பி வாயில இருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டது அதுதான் மொதத் தடவை. அவன் மீன் கூடையை எறக்கிக்கிட்டே, யாரையும் பாக்காம, மிச்சத்தையும் சொன்னான்: "நாளைக்கும் சாளை ஓடும். என் வள்ளத்துல மூணு பேருக்கு எடம் இருக்கு. மோட்டார் இல்லாதவங்க மாத்தி மாத்தி வரலாம். பங்கு எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆனா வாறவங்க ஆளுக்கொரு குடம் நல்ல தண்ணி கொண்டாரணும். குடிக்க இல்ல. கரைக்கு வந்ததும் மோட்டாரைக் கழுவ."

மொதல்ல முணுமுணுத்தாவ. சட்டம் என்னாவுறதுன்னு கேட்டாவ. மறுநாள் விடியுறதுக்குள்ள மூணு பேரு வள்ளத்துக்குப் பக்கத்துல வந்து நின்னாவ, அவங்களைத் தள்ளிக்கிட்டு இன்னும் நாலு பேரு. லாரிக்காரன் கை கால்ல விழுந்து கூட்டிட்டு வந்தாச்சு, இப்பவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வாறான். மத்த மோட்டார் எல்லாம் பழைய இரும்புக்காரன் வண்டியில ஏறிப் போச்சு. முள்ளித்துறையில இன்னைக்குக் கடலுக்குப் போற மோட்டார் ஒண்ணே ஒண்ணுதான்.

போன வாரம் லாரி வந்தப்போ பாக்கேன், வரிசையில மொத ஆளா, பொம்பளைங்களை முழங்கையால இடிச்சுக்கிட்டு நிக்காரு கொர்னேலி மாமா. குடம் நிறைஞ்சதும் துண்டைப் போட்டு மூடி, தெரு வழியா வராம, வீடுகளுக்குப் பின்னால வேலியோரமாப் போறாரு. நான் குறுக்க போயி நின்னேன்.

"எங்க மாமா, தண்ணியோட?"

"குடிக்கத்தான் பெர்னத்து."

"கடலுக்குப் போறவருக்குக் குடிக்க ஒரு குடமா?"

"வெயில் ரொம்பல்லா, தாகமா வருது."

"மோட்டாருக்குன்னு சொல்லுங்களேன் மாமா, என்ன வெக்கம்? நீங்கதானே தலைவரு, அந்தச் சட்டத்தை எடுத்துப் போட்டாப் போச்சு."

அந்த மனுசன் என்னைப் பாத்த பார்வையைப் பாக்கணுமே, கோயில்ல செருப்போட நிக்கிறவளைப் பாக்குற மாதிரி. "ஊர் போட்ட சட்டம்லா பெர்னத்து, அதை எப்படி எடுக்க?"ன்னாரு. சொல்லிட்டு, துண்டை இன்னும் நல்லா இழுத்து மூடிக்கிட்டு, வேலியோரமாவே குனிஞ்சு குனிஞ்சு, என் தம்பி மோட்டாரோட காலைக் கழுவப் போனாரு.